உழைக்கிற டயர்

சூப்பர்வைசரின் பின்சக்கரம் தேய்ந்துகொண்டு வருவதை டயர்க்காரி கடை வாசலில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவன் கிடங்குக்குப் போகும்போது ஒரு பார்வை, மாலையில் திரும்பும்போது ஒரு பார்வை. கோடை தொடங்கியபோது டயரின் பட்டன் எல்லாம் எடுப்பாக நின்றது. கோடை முடியப்போகிற இந்த நேரத்தில் நடுப்பக்கம் வழவழத்துப் போயிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். வேறொருத்தியாக இருந்தால் கிடங்கு வாசலில் போய் நின்று வயிற்றிலும் வாயிலும் அடித்துக்கொண்டு சாபம் விட்டிருப்பாள். இவள் டயர் வியாபாரி, தேய்மானத்துக்குக் காத்திருக்கத் தெரிந்தவள்.

கடை சரிவான தெருவின் மேட்டில் இருந்தது. கீழே, தெரு வளைந்து முடிகிற இடத்தில் பார்சல் கிடங்கு. முன்னால் கடை, பின்னால் ஒரே அறையும் சமையல்கட்டுமாக வீடு. அப்பா விட்டுப்போன கடை என்பதால் லிவர் போட்டு நெம்பவும், ரிம்மைச் சுழற்றிவிட்டுக் கோணல் பார்க்கவும் அவளுக்குச் சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது. கணவன் கிடங்கில் இருசக்கர பார்சல் வண்டி ஓட்டுகிறவன். ஓட்டிக்கொண்டிருந்தவன் என்று சொல்ல வேண்டும். இப்போது தொடைக்குள் இரும்புத் தகடு வைத்து, பின் அறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

டயர் வாங்க யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு நர்ஸ் வந்திருந்தாள். அவளிடமும் அதைத்தான் கேட்டாள்.

"ஒட்டுற டயர் வேணுமா, உழைக்கிற டயர் வேணுமா?"

"ரெண்டும்தாங்க்கா வேணும்."

"எல்லாருக்கும்தான் ரெண்டும் வேணும். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரியில்ல கேக்குறீங்க! ஆளும் அழகா இருக்கணும், பாத்திரமும் கழுவணும்."

நர்ஸ் சிரித்தாள். "புரியற மாதிரி சொல்லுங்கக்கா."

"மெத்துனு இருக்கிற ரப்பர் ரோட்டைப் பிடிக்கும். பிடிக்கிறதுனாலதான் சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் லேசுல தேயாது, ஆனா ஈரத்துல வழுக்கும். மழையில டூட்டிக்குப் போவீங்களா?"

"போகாம எப்படி?"

"அப்ப முன்னாடி ஒட்டுறதப் போட்டுக்குங்க. பின்னாடிக்கு இதப் பாருங்க, நடுவுல கெட்டி, ஓரத்துல மெத்து. நேராப் போறப்ப நடுப்பக்கம் உழைக்கும், வண்டிய சாய்ச்சுத் திருப்புறப்ப ஓரம் பிடிச்சுக்கும். ரெண்டுங்கெட்டான்னு சொல்லுவாங்க. நான் நல்ல மருமகன்னு சொல்லுவேன்."

இதே பேச்சைத்தான் கிடங்குக்கு மொத்தமாக டயர் வாங்க வந்த சூப்பர்வைசரிடமும் பேசினாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"உழைக்கிறது போதும்மா. பசங்க ஓட்டுற வண்டி. வருஷத்துக்கு ஒரு தடவை டயர் மாத்திக்கிட்டிருந்தா முதலாளி என்னத் தொலைச்சுப்புடுவாரு."

"மழைக்கு ஆகாது சார். கீழ வளைவுல சாக்கடை மேல இரும்புத் தட்டு வேற போட்டு வச்சிருக்காங்க."

"மெதுவாப் போகச் சொல்றேன், விடு."

கிடங்கு வண்டிகளும் அவனுடைய சொந்த வண்டியும் ஒரே மாடல், ஒரே அளவுச் சக்கரம். ஆனால் தன் வண்டிக்கு டயர் எடுக்கும்போது மட்டும் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. டயரை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்துவான். நகம் இறங்கித் தடம் விழுந்தால்தான் தலையை ஆட்டுவான். துணிக்கடையில் பட்டுப்புடவை பார்க்கிற மாதிரி அத்தனை நேரம் பார்ப்பான். பையன்களுக்கு வந்த மூட்டையில் அவன் விரல்கூடப் படவில்லை. அவளிடம் வாங்காமல், எங்கேயோ மலிவாகக் கிடைத்தது என்று அவனே இறக்கிப் போட்டான். வெயிலில் கிடந்து கிடந்து கட்டையாகிப்போன சரக்கு. சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. மாட்டிக் கொடுக்கிற வேலை மட்டும் அவளுடையது என்று ஆனது. எல்லா வண்டிக்கும் அவள்தான் மாட்டினாள், கணவன் வண்டிக்கும் சேர்த்து.

கோடை நடுவில் ஒருநாள் எதிர்பாராமல் ஒரு மழை கொட்டியது. வளைவில் அந்த இரும்புத் தட்டின்மேல் கணவன் பிரேக்கைத் தொட்டான். பின்சக்கரம் அவனுக்கு முன்னால் போய்விட்டது.

அதையாவது தலையெழுத்து என்று விட்டிருப்பாள். முதலாளி வந்து கிடங்கு முற்றத்தில் வைத்து விசாரித்தபோது சூப்பர்வைசர் சொன்னதைத்தான் அவளால் விடமுடியவில்லை. ஓட்டுகிற பையன்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். அவளும் நின்றிருந்தாள்.

"டயரப் பாருங்க முதலாளி, பட்டன் அப்படியே இருக்கு. இதுக்கு என்ன குறை? வேகமா வந்து விழுந்திருக்கான். இல்லன்னா மாட்டினதுல கோளாறு. மாட்டினது யாரு? அவன் பொண்டாட்டி. வீட்டுக்குள்ள என்ன தகராறோ, நமக்கென்ன தெரியும்?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு முன்பாகவே வீடு போய்ச் சேர்ந்தது. மாமியார் அன்று மாலை ரொட்டியைப் பாலில் நனைத்து மகனுக்கு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"உன் கையால மாட்டினதுதானே அது?"

"என் கையாலதான் அத்தை. டயர் நான் வாங்கினதில்ல."

"டயரு எங்க வாங்கினா என்ன? நட்டு முடுக்கினது யாரு?"

கணவன் அம்மாவின் கையிலிருந்து ரொட்டியை வாங்கிக்கொண்டான். மனைவி நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. அவன் நம்பினானா, நம்பவில்லையா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. படுத்துக் கிடக்கிறவனுக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டும், பக்கத்தில் இருந்தவள் அவள்தான். வியாபாரமும் விழுந்தது. வழக்கமாக வருகிறவர்கள் கடையைத் தாண்டும்போது வண்டிக் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சூப்பர்வைசரும் வேறெங்கோ போகத் தொடங்கினான்.

நொறுங்கிய வண்டி கடைக்குத்தான் வந்தது. அதன் பின் டயரைக் கழற்றிக் கழுவி, மேல் கொக்கியில் மாட்டினாள். சூப்பர்வைசர் தன் வாயாலேயே இது ஆகாத டயர் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் இதே டயரில் ஏறி அதே வளைவில் அவன் விழ வேண்டும். எது நடந்தாலும் அவளுக்குச் சம்மதம்தான். சொல்லப்போனால் இரண்டாவது நடந்தால் இன்னும் நல்லது என்று நினைத்தாள், நினைத்ததற்காக வெட்கப்படவும் இல்லை.

மழைக்காலம் ஒரு பிற்பகலில் தொடங்கியது. கடைத் தகரத்தின் கீழ் கிடங்குப் பையன்கள் இரண்டு பேர் ஒதுங்கியிருந்தார்கள். ஒருவன் மொட்டை, அவன் தலையில் முடி இருந்த காலத்தைப் பார்த்தவர் யாருமில்லை. இன்னொருவன் ஒல்லி. பார்சல்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் இருவருக்கும் டீ கொடுத்தாள்.

"இந்த மழை விட்டாலும் நான் இறங்கமாட்டேன் அண்ணி. ரோடு காயணும்" என்றான் மொட்டை.

"லேட்டாச்சுன்னா உங்க சார் திட்டுவாரே."

"திட்டட்டும். திட்டுனா எலும்பு முறியாது."

அப்போதுதான் மேலேயிருந்து சூப்பர்வைசர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்சக்கரம் தரையோடு படுத்திருந்தது. தேய்ந்து காகிதமாகிப்போன ரப்பருக்கு ஒரு கண்ணாடிச் சில்லு போதும். மழைத் தண்ணீர் மேட்டிலிருந்து எதையெல்லாமோ அடித்துக்கொண்டு வந்திருந்தது. அவன் கடையைப் பார்க்காத மாதிரி தாண்டப் பார்த்தான்.

"வாங்க சார், வாங்க! நனையுறீங்களே!" என்று கூப்பிட்டாள். அவள் குரலில் அத்தனை சர்க்கரை இருந்ததைக் கேட்டு ஒல்லிக்கு டீ புரையேறியது.

அவன் தயங்கினான். பிறகு வண்டியை உள்ளே ஏற்றினான். "முதலாளி வர்ற நேரம்மா. சீக்கிரம் ஒரு பஞ்சர் போட்டு விடு."

அவள் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். "பஞ்சர் எங்க போடுறது? டயரே கிழிஞ்சு நூல் தெரியுது. மாத்தணும்."

"மாத்து. எனக்கு வழக்கமா போடுறதே போடு."

"அது இல்லையே சார்."

"இல்லையா?"

"வரலையே. மழை வந்தாலே எல்லாரும் ஒட்டுற டயரத்தான் தேடுறாங்க."

கம்ப்ரசருக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த டயர் அடுக்கை மொட்டை ஒருதரம் பார்த்தான். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த அடுக்குக்கு முன்னால் போய்ச் சாய்ந்து நின்றுகொண்டு, டீயை மிகவும் நிதானமாக ஊதிக் குடித்தான்.

அவள் கொக்கியிலிருந்து டயரை இறக்கினாள். "இது ஒண்ணு இருக்கு சார். உங்க வண்டிக்கு அளவெடுத்த மாதிரி சரியா இருக்கும். பட்டன் பாருங்க, அப்படியே இருக்கு."

அவன் வாங்கினான். வாங்கியதும் கை தன் பழக்கத்துக்குப் போனது. கட்டைவிரல் நகம் ரப்பரில் அழுந்தியது. இறங்கவில்லை. இன்னும் அழுத்தினான். நகம்தான் வெளுத்தது, ரப்பரில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவன் முகம் சுருங்குவதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"என்ன சார்?" என்றாள்.

"இது... எந்த வண்டி டயரு?"

"உங்க கிடங்கு வண்டிதான். எங்க வீட்டுக்காரரு ஓட்டினது."

பின் அறையில் கட்டில் முனகியது.

"வேற ஏதாவது பாரும்மா."

"ஏன் சார், இதுக்கு என்ன குறை?"

அவனுடைய வார்த்தையைத்தான் அவள் அவனிடமே கொடுத்தாள். அவன் மொட்டையைப் பார்த்தான், ஒல்லியைப் பார்த்தான். குறை என்று ஒரு சொல் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் கிடங்கு முழுக்கப் பரவிவிடும். மாட்டேன் என்றாலும் அதே கதிதான்.

"குறை ஒண்ணும் இல்ல" என்றான். டயரை அவளிடம் நீட்டினான். "போடு."

அவள் போட்டாள். அவள் வாழ்நாளில் ஒரு டயரை அத்தனை கவனமாக மாட்டியதில்லை. ரிம்மைத் துடைத்தாள். புது டியூப் வைத்தாள். சோப்புத் தண்ணீர் தடவி, டியூப் மடங்காமல் விளிம்பைச் சுற்றிச் சுற்றி உட்காரவைத்தாள். டயர் மேலிருந்த அம்புக்குறி சக்கரம் சுழலும் பக்கம் பார்க்கிறதா என்று இரண்டுதரம் பார்த்தாள். காற்றை அளவுக்குச் சரியாக வைத்தாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நட்டை முடுக்கிவிட்டு ஒல்லியையும் ஒருதரம் முடுக்கிப் பார்க்கச் சொன்னாள். இவன் விழுந்தால் டயரால் மட்டும்தான் விழ வேண்டும். மாட்டினது யார் என்று இன்னொரு முறை எந்த நாக்கும் கேட்கக்கூடாது.

"ஆச்சு சார். பார்த்துப் போங்க" என்றாள். உண்மையில் அவள் நெஞ்சு 'விழு, விழு' என்றுதான் அடித்துக்கொண்டது.

அவன் ஏறி உட்கார்ந்தான். வண்டியைக் கிளப்பி, இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டே சரிவில் இறங்கினான். புதிதாக சைக்கிள் பழகுகிற பிள்ளைகள்கூட அவனை முந்திப் போயிருக்கும். மூன்று பேரும் மழையில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். எதிர்க்கடைத் தையல்காரரும் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். பாதிச் சரிவில் அவன் பிரேக்கைத் தொட்டிருக்க வேண்டும், பின்பக்கம் ஒரு சாண் ஒதுங்கியது. ஐயோ என்று ஒல்லி கத்திவிட்டான். டயர்க்காரியின் கை தகரக் கம்பத்தைப் பற்றிக்கொண்டது. கீழே வளைவு தெரிந்தது, இரும்புத் தட்டு மழையில் பளபளத்தது.

சூப்பர்வைசர் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். இறங்கினான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, இரும்புத் தட்டைச் சுற்றிக்கொண்டு கிடங்குக்குள் போனான்.

"தள்றான்டா!" என்றான் மொட்டை. "தள்ளிக்கிட்டுப் போறான்டா!"

அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. விழுந்திருக்கலாம். கம்பத்தை விட்டுவிட்டு உள்ளே போனாள். கணவன் முழங்கையை ஊன்றி அரைவாசி எழுந்திருந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினான்.

"விழுந்தானா?"

"இல்ல. பயந்துபோய் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிட்டான்."

"அந்த டயரத்தானே போட்ட?"

"அதேதான்."

"தண்ணி குடு" என்று கையை நீட்டினான். மாமியார் எழுந்தவள், என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாளும் மழை. காலையில் கிடங்குப் பையன்கள் பார்சல் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவனும் வண்டியில் ஏறவில்லை. எல்லோரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்ற சூப்பர்வைசர் கத்தினான்.

"என்னங்கடா இது? ஊர்வலமா?"

"மழைங்க சார்" என்றான் மொட்டை, பணிவு சொட்டச் சொட்ட. "நேத்து நீங்க எப்படி ஓட்டுனீங்களோ, அப்படியே ஓட்டுறோம்."

பார்சலுக்கு ஆட்கள் போன் அடிக்கத் தொடங்கினார்கள். முதலாளியும் அடித்தார். அரைமணி நேரத்தில் அவன் வாயிலிருந்து அது வந்தே விட்டது. டயர் சரியில்லை, எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றான். எங்கே மாற்றுவது என்று ஒல்லி ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான். சூப்பர்வைசர் மேட்டைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

வண்டிகள் கடை வாசலில் வந்து வரிசையாக நின்றன. மொட்டை மூச்சு வாங்கச் சொன்னான். "ஜெயிச்சுட்டீங்க அண்ணி! டயர் சரியில்லன்னு சொல்லிட்டாரு!"

"இன்னொரு தடவ சொல்லு. உள்ள கேக்குற மாதிரி."

"டயர் சரியில்லன்னு சூப்பர்வைசரே சொல்லிட்டாரு!"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"வீட்டுக்குக் கேட்டுருச்சு. தெருவுக்கு அவரே வந்து சொல்லட்டும்" என்றாள். "அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி சொன்னாரில்ல? இன்னைக்கும் அத்தன பேரு முன்னாடி சொல்லட்டும். அதுவரைக்கும் ஒரு நட்டு நான் தொடமாட்டேன்."

"முதலாளி கோவிச்சுக்குவாரே அண்ணி."

"கோவிச்சுக்கட்டும். வேற கடைக்கு வேணா தள்ளிக்கிட்டுப் போங்க. வளைவு தாண்டித்தான் போகணும்."

யாரும் போகவில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய டியூப்களை வெட்டிக்கொண்டிருந்தாள். பையன்கள் மழையில் நனைந்துகொண்டே ஒருவரையொருவர் கிண்டலடித்தார்கள். பின் அறைக் கதவு திறந்தது. கணவன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் தத்தித் தத்தி வாசல்வரை வந்தான். மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டாள். அவனைப் பார்த்ததும் பையன்களின் கூச்சல் அடங்கியது.

உச்சிப்பொழுதில் சூப்பர்வைசர் நடந்தே வந்தான். குடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தவன், நாற்காலியில் இருந்தவனைக் கண்டதும் நின்றான். குடையை மடக்கினான்.

"டயர் சரியில்லப்பா" என்றான், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கணவன் தலையை நிமிர்த்தினான். "எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? மாட்டினது யாருன்னுதானே அன்னைக்குக் கேட்டீங்க? இந்தா நிக்கிறா. அவகிட்ட சொல்லுங்க."

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். சூப்பர்வைசர் அவள் பக்கம் திரும்பினான். தையல்காரரும் மாமியாரும் பையன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டயர்தாம்மா சரியில்ல. மாட்டினதுல ஒரு குத்தமும் இல்ல" என்றான். இந்தமுறை எல்லோருக்கும் கேட்டது.

இவன் முன்னால் அழக்கூடாது என்று அவள் குனிந்து லிவரைத் தேடி எடுத்தாள். டயர் அடுக்கின்மேல் இருந்த சாக்கை இழுத்து எறிந்தாள். "மொத வண்டிய ஏத்துங்க தம்பி" என்றாள். சூப்பர்வைசர் குடையை விரித்துக்கொண்டு நகரப் பார்த்தான்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க? சக்கரத்தப் பிடிங்க."

"நானா?"

"நீங்கதான். நான் நெம்புறப்ப ஒருத்தர் இந்தப் பக்கம் மிதிச்சுப் பிடிக்கணும். லீவு நாள்ல எங்க வீட்டுக்காரரு பிடிப்பாரு. இப்ப அவரால கால ஊன முடியல."

ஒல்லி உதவிக்கு ஓரடி எடுத்து வைத்தான். மொட்டை அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். சூப்பர்வைசர் வரிசையைப் பார்த்தான், அது சரிவில் பாதிவரை நின்றது. பிறகு குடையைத் தகரக் கம்பத்தில் மாட்டினான், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிச் சக்கரத்தைப் பிடித்தான்.

"இன்னும் இறுக்கிப் பிடிங்க சார்" என்றாள் டயர்க்காரி. கடைசி வண்டி முடிகிறவரை அவனை அவள் எழவிடவில்லை.